கலந்து வைப்பதா, தனியே வைப்பதா: ஏலக்காய் விற்பவருக்கு எந்தக் கிடங்கு?

போன வாரம் கம்பத்திலிருந்து அக்கா மகன் போடிக்கு வந்திருந்தான். வண்டன்மேட்டுப் பக்கம் அவர்களுக்கு மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம் இருக்கிறது. பாதிக் காயை ஏலத்துக்கு அனுப்பிவிட்டு, மீதியை நூறு கிராம் பாக்கெட்டாகப் போட்டு ஆன்லைனில் விற்க வேண்டும் என்று ஆறு மாதமாக அலைகிறான். கையில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் நாலு பக்க ஒப்பந்தத் தாள் வைத்திருந்தான்.

"மாமா, சரக்க அவங்க குடோன்ல இறக்கிட்டாப் போதும். லேபிள் ஒட்ட வேணாம். அனுப்புறது, வாபஸ் வாங்குறது எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. ஒரே ஒரு விஷயம், நம்ம சரக்கு பொதுவுல சேந்துரும். அது பரவால்லைல்ல?"

"பரவாயில்லை இல்லை மாப்ள. உக்காரு" என்றேன்.

அன்று அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். போடி, கம்பம், கூடலூர், அந்தப் பக்கம் குமுளி, கட்டப்பனை வரைக்கும் அவனைப் போல நிறையப் பிள்ளைகள் இப்போது மிளகையும் ஏலக்காயையும் பையில் அடைத்து இணையத்தில் விற்கக் கிளம்பியிருக்கிறார்கள். எல்லார் முன்னாலும் மூன்று வழிகள்தான் இருக்கின்றன. பலருடைய சரக்கும் ஒன்றாகக் கலந்து கிடக்கும் கிடங்கில் போடலாம். அதே மாதிரிக் கிடங்கில், ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன் பேருக்கான தனி லேபிள் ஒட்டிப் போடலாம். அல்லது கிடங்கே வேண்டாம் என்று வீட்டிலிருந்தே அனுப்பலாம். மூன்றிலும் நான் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் 'பொதுவில் சேர்வது' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். பாக்கெட்டின் முதுகில் உள்ள பார்கோடு 13 இலக்கம். இங்கே பதிவு செய்த நிறுவனங்களுக்கு 890 என்று தொடங்கும். அதன் பின் நிறுவனத்துக்கும் பொருளுக்கும் உரிய எண்கள், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். அவ்வளவுதான். எந்த பேட்ச், எந்த மாதம் அடைத்தது, யார் கொண்டுவந்து இறக்கியது என்பதெல்லாம் அந்தக் கோடுகளுக்குள் கிடையாது. ஒரு பிராண்டு சரக்கை நாலு பேர் வாங்கி விற்றால் நாலு பேர் பையிலும் ஒரே எண்தான். எங்கள் பக்கம் இன்னொரு விதமாகவும் நடக்கிறது. ஒருவர் பிராண்டு பையையும் பார்கோடையும் கொடுப்பார். பத்துப் பேர் அவரவர் காயை அதில் அடைப்பார்கள். பின்பக்கம் அடைத்தவர் பேரும் பேட்ச் எண்ணும் சின்ன எழுத்தில் இருக்கும். பத்துப் பேரும் அவரவர் கணக்கில் ஆன்லைனில் விற்பார்கள். கிடங்கில் இருக்கும் ஸ்கேனருக்கு இந்தப் பத்துப் பேர் பாக்கெட்டும் ஒன்றுதான். கணக்கில் எனக்கு 400, உனக்கு 300 என்று இருக்கும். என்னிடம் ஒருவர் ஆர்டர் போட்டால், அவர் வீட்டுக்குப் பக்கத்தில் எந்தக் கிடங்கில் எவருடைய பாக்கெட் இருக்கிறதோ அது போகும். என் கணக்கில் ஒன்று குறையும். என் பாக்கெட் இன்னும் அலமாரியிலேயே இருக்கும், வேறு யாரோ ஒருவருடைய ஆர்டருக்குப் போகக் காத்துக்கொண்டு.

இந்த ஏற்பாடு நம் ஊர் வியாபார வழக்கத்துக்கே நேர் எதிரானது. பச்சைக்காயை ஸ்டோரில், அதாவது சூடேற்றி உலர்த்தும் அறையில், போடுகிறோம். ஐந்து கிலோ பச்சைக்குச் சுமாராக ஒரு கிலோ உலர்ந்த காய் கிடைக்கும். சொந்த ஸ்டோர் இல்லாதவர் கூலிக்குப் போடுவார். கூலிக்குப் போட்டாலும் என் தட்டில் பரப்பிய காய் என் காய்தான். உலர்ந்த பிறகு என் சாக்கில்தான் இறங்கும். "எல்லாம் ஏலக்காய்தானே, மொத்தமாகக் கொட்டிவிட்டு எடைக்குத் தகுந்த மாதிரிப் பிரித்துக்கொள்ளலாம்" என்று ஸ்டோர்க்காரர் சொன்னால் அன்றைக்கே அவர் கடையைச் சாத்த வேண்டியதுதான். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கும் காயும், ஆறில் விழும் காயும், தோல் சொறி பிடித்த காயும், வாய் வெடித்த காயும் ஒரே செடியில் வந்திருந்தாலும் ஒரே சரக்கு இல்லை.

ஏலத்திலும் அப்படித்தான். மத்திய அரசின் ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டில் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் நடக்கும் இ-ஏலத்தில் ஒவ்வொருவர் சரக்குக்கும் தனி லாட் எண் உண்டு. வியாபாரி சாம்பிளைத் தட்டில் கொட்டி நிறம் பார்ப்பார், விரலால் உருட்டுவார், ஒன்றைப் பிளந்து விதை கறுத்து நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார், பிறகுதான் கம்ப்யூட்டரில் விலையை அழுத்துவார். ஒரே நாளில், ஒரே கூடத்தில், இந்த லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் கிலோவுக்குப் பல நூறு ரூபாய் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம்தான் விவசாயி உரம் போட்டதற்கும், பக்குவத்தில் பறித்ததற்கும், ராத்திரி ஸ்டோர் சூட்டைக் கண்விழித்துப் பார்த்ததற்கும் கிடைக்கும் கூலி. கலப்புக் கிடங்கு முதலில் அழிப்பது அந்த லாட் எண்ணைத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே இப்படி ஒரு பொதுக் கிடங்கில் சேர்ந்தேன். யார் என்பது இங்கே தேவையில்லை. நானூறு பாக்கெட், எல்லாம் எட்டு எம்.எம். காய், வீட்டில் மேஜை போட்டு என் மனைவியும் நானும் ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. முதல் மாதம் சொர்க்கம். வேலை இல்லை, பணம் வந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதல் புகார் வந்தது: காய் வெளுத்திருக்கிறது, உள்ளே விதை சுருங்கிக் கிடக்கிறது. கூடவே படம்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காய் மோசம் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் என் கண் போய் நின்றது பையின் வாயில். என்னுடைய சீலிங் மெஷினின் பட்டையில் ஓரிடத்தில் தேய்மானம் உண்டு. அதனால் நான் அடைக்கும் ஒவ்வொரு பையிலும் ஒட்டிய பட்டையின் இடது ஓரத்தில் ஓர் அரிசி அளவுக்கு வரி விழாமல் வழவழவென்று இருக்கும். மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று நினைத்து மாற்றாமலே விட்டது. படத்தில் இருந்த பையில் வரி இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒழுங்காக ஓடியது. அது என் பை இல்லை. வாங்கியவரிடம் பேட்ச் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். அவர் நல்ல மனிதர், அனுப்பினார். அடைத்தவர் பேர் வேறு. எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

கிடங்கில் கேட்டால், "சிஸ்டத்துல உங்க ஆர்டர்னுதான் சார் காட்டுது" என்றார்கள். அது உண்மைதான். ஆர்டர் என்னுடையது, பில் என் பேரில், புகார் என் கணக்கில். காய் மட்டும் என்னுடையது இல்லை. பதினோரு புகார் சேர்ந்ததும் என் விற்பனைப் பக்கம் மூடப்பட்டது. பத்தொன்பது நாள் கழித்துத் திறந்தபோது தீபாவளி முடிந்திருந்தது.

அதைவிட மனம் நொந்தது மிச்சச் சரக்கைத் திருப்பிக் கேட்டபோது. கணக்குப்படி 130 பாக்கெட் பாக்கி. 130 வந்தது, எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறையவில்லை. தரையில் பரப்பி வைத்து ஒவ்வொன்றின் வாயையும் பார்த்தோம். அந்த அரிசி அளவு வழவழப்பு இருந்தது 41 பையில். மீதி 89 யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவற்றை விற்கவும் மனமில்லை, விற்றால் நானும் அதே தவறைச் செய்கிறவன் ஆகிவிடுவேன். நாங்கள் பொறுக்கிய காய் எந்தெந்த ஊரில் எவர் எவர் பேரில் போனதோ!

இது ஏதோ ஒரு சின்ன குடோன்காரரின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். உலகத்திலேயே பெரிய இணையச் சந்தையும் இதே சிக்கலில் பல வருஷம் இருந்தது. அமேசானில், தயாரிப்பாளர் பார்கோடை மட்டும் வைத்து வேறு வேறு விற்பனையாளர்களின் சரக்கை ஒன்றுக்கொன்று மாற்றாகப் பயன்படுத்தும் முறை அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது. எந்தப் பாக்கெட் யாரிடமிருந்து வந்தது என்று தங்களால் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்று அவர்கள் சொல்லிவந்தார்கள். ஆனால் கண்டுபிடிப்பது என்பது பொருள் வாங்கியவர் கைக்குப் போய், அவர் ஏமாந்து, புகார் எழுதிய பிறகு நடக்கிற வேலை. விற்பனையாளருக்கு அதற்குள் நட்சத்திரம் குறைந்துவிடும். 2016-ல் ஆப்பிள் நிறுவனம் சார்ஜர், கேபிள் விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டபோது, அமேசான் கிடங்கிலிருந்து அனுப்பப்படுவதாக இருந்த பொருட்களைத் தாங்களே வாங்கிச் சோதித்ததில் கிட்டத்தட்ட 90 சதவீதம் போலி என்று சொன்னது.

கடைசியில் 2025 செப்டம்பரில் அமேசானே இந்தக் கலப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2026 மார்ச் 31 அதற்கான தேதி. தங்கள் சரக்கு கலந்துவிடக் கூடாது என்று பிராண்டு உரிமையாளர்கள் தனி ஸ்டிக்கர் ஒட்டுவதற்கே ஒரு வருஷத்தில் 60 கோடி டாலர் செலவழித்ததாக அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கலப்பு நடந்த காலத்திலும் காலாவதித் தேதி உள்ள பொருள், சாப்பிடும் பொருள், தோலில் பூசும் பொருள் இவற்றை அங்கே அதில் சேர்க்கவில்லை. அவற்றுக்குத் தனி லேபிள் கட்டாயம். அவ்வளவு பெரிய வலையும் கணினியும் வைத்திருப்பவர்களே உணவுப் பொருளைக் கலக்கத் துணியவில்லை. தேனியில் ஒரு ஷெட் எடுத்து அலமாரி அடித்தவர் துணிகிறார் என்றால் நாம் யோசிக்க வேண்டும்.

ஏலக்காய்க்கு இது ஏன் கூடுதல் ஆபத்து என்று சொல்கிறேன். பச்சை நிறம் வெளிச்சத்திலும் ஈரத்திலும் போய்விடும். அதனால்தான் கறுப்பு பாலிதீன் உள்ளே போட்ட சாக்கில் கட்டி வைக்கிறோம். கலப்பில் உன் பக்கத்து அடுக்கில் போன பருவத்துக் காய் இருக்கலாம். கிலோவுக்கு விலை குறைவாகக் கிடைக்கும் கவுதமாலா காயை நம் மலைக்காய் என்று அடைத்தவர் இருக்கலாம். வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றியவரும் இருக்கலாம். இந்தக் கடைசி ஆசாமியின் பாக்கெட் உன் பில்லோடு போய், வாங்கியவர் அதைச் சோதனைக்குக் கொடுத்தால், வெறும் நட்சத்திரத்தோடு போகாது. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் தயாரித்தவரை மட்டும் பிடிப்பதில்லை. அடைத்தவர், சேமித்தவர், விற்றவர் எல்லாருக்கும் பொறுப்பு வைக்கிறது. 2020-ம் வருஷத்து மின்வணிக நுகர்வோர் விதிகளும் பழுதான பொருளை வாபஸ் வாங்குவதை விற்பனையாளர் கடமையாகத்தான் எழுதியிருக்கின்றன. பில்லில் இருப்பது உன் பேர். "அது என் காய் இல்லை" என்று நிரூபிக்கிற சுமை உன் தலையில். எனக்காவது தேய்ந்துபோன சீலிங் பட்டை இருந்தது. உனக்கு என்ன இருக்கும்?

வரிக் கணக்கும் இருக்கிறது. கேரள எல்லைப் பக்கம் இருக்கிற நமக்கு இது பழகிய தலைவலிதான், ஆனால் கிடங்கு வந்தால் கூடும். தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண்ணை வைத்துக்கொண்டு பெங்களூர்க் கிடங்கில் சரக்கு வைக்க முடியாது; கர்நாடகத்தில் தனியாகப் பதிவு செய்து, அந்தக் கிடங்கை அதில் காட்ட வேண்டும். கொச்சிப் பக்கம் என்றால் கேரளத்தில். நம் எண்ணிலிருந்து நம்முடைய இன்னொரு எண்ணுக்குச் சரக்கை மாற்றினாலும் சட்டத்தின் கண்ணில் அது விற்பனை மாதிரிதான், உலர்ந்த ஏலக்காய்க்கு 5 சதவீதம் வரி போட்டு பில் எழுத வேண்டும். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் சரக்கோடு போக வேண்டிய இ-வே பில் வேறு. இதெல்லாம் தனி லேபிளிலும் உண்டு. ஆனால் கலப்பில், என் சரக்கு மதுரையில் இருக்க, என் ஆர்டருக்கு பெங்களூரிலிருந்து வேறொருவர் பாக்கெட் போகிறது. எந்த மாநிலத்து எண்ணில் பில், எந்த இருப்பிலிருந்து கழிப்பது? இணையச் சந்தை நம் விற்பனையில் 0.5 சதவீதத்தை வரியாகப் பிடித்து நம் ஜி.எஸ்.டி. எண்ணில் ஏற்றுகிறது. அந்தக் கணக்கும் நம் இருப்புக் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் நோட்டீஸ் வருவது நமக்கு. அந்த வருஷம் என் ஆடிட்டர் என்னை மூன்று முறை கூப்பிட்டு உட்கார வைத்தார்.

கலப்பில் நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. லேபிள் செலவும் நேரமும் மிச்சம். இறக்கிய அன்றே விற்பனைக்கு வந்துவிடும். நீ 50 பாக்கெட்தான் போட்டிருந்தாலும் நாலு ஊரிலிருந்து மறுநாளே டெலிவரி ஆகும்; வாங்குபவர் வேகத்தைப் பார்த்துத்தான் அமுக்குகிறார் என்பதும் உண்மை. உன் சொந்த பிராண்டு, சொந்தப் பார்கோடு, உன்னைத் தவிர வேறு யாரும் அந்தச் சரக்கை அங்கே இறக்குவதில்லை என்றால் கலப்பதற்கே ஒன்றும் இல்லை. ஆனால் அது நிரந்தரம் இல்லை. உன்னிடம் மொத்தமாக வாங்கிய ஒருவர் ஆறு மாதம் வீட்டில் வைத்திருந்து அதே பார்கோடோடு அதே கிடங்கில் இறக்கினால், அன்றைக்கே நீ கலப்பில் இருக்கிறாய். உனக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். கிடங்கு அதேதான், ஆனால் ஒவ்வொரு பாக்கெட்டிலும் உன் கணக்குக்கு மட்டும் உரிய லேபிள். பார்கோடை மறைத்து அதன் மேல் ஒட்ட வேண்டும். பேட்ச் எண், தேதி, விலை, 14 இலக்க உணவு உரிம எண் எதையும் மறைக்கக் கூடாது. சின்னப் பையில் இந்த இடத்தைப் பிடிப்பதே ஒரு கலை. அடுத்த முறை பை அச்சடிக்கும்போது பார்கோடைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடச் சொல்ல வேண்டும். நானூறு பாக்கெட்டுக்கு லேபிள் ஒட்ட எங்கள் இரண்டு பேருக்கு ஒரு காலை வேளை ஆகிறது. சரக்கு விற்பனைக்கு வர இரண்டு மூன்று நாள் கூடுதலாகும். அதற்குப் பதிலாகக் கிடைப்பது என்ன? போவது உன் காய்தான், புகார் வந்தால் அது உன் தவறுதான், திருப்பிக் கேட்டால் வருவதும் உன் காய்தான். புகார் என்னுடைய தவறாக இருந்தால் என்னால் திருத்திக்கொள்ள முடியும். போன வருஷம் இரண்டு பேர் மணம் குறைவு என்று எழுதினார்கள். பேட்ச் எண்ணை வைத்துத் தேடினால், மழையில் நனைந்து வந்த பச்சைக்காய் போட்ட நாள். அந்த பேட்ச் மிச்சத்தைக் கிடங்கிலிருந்து எடுத்துவிட்டேன். கலப்பில் இருந்திருந்தால் எங்கே போய்த் தேடுவது?

லேபிள் ஒட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்றும் இல்லை. தகரக் கூரைக் கிடங்கில் சித்திரை வெயில் ஏலக்காயை என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். வாங்கியவர் கையில் சேரும்போது ஆயுள்காலத்தில் 30 சதவீதமாவது அல்லது 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இணைய வியாபாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது, ஆகவே அடுக்கில் நாள்பட்டுக் கிடந்தால் விற்க முடியாமலே திரும்பும். அப்புறம் விலை. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டு மூன்று வருஷத்தில் ஆயிரத்துக்கும் கீழே வந்ததையும் பார்த்தோம். அப்படி ஏறி இறங்குகிற சரக்கை நாலு மாதத்துக்குத் தேவையான அளவு தூரத்துக் கிடங்கில் கட்டிப்போட்டால், விலை சரியும் நாளில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஏறும் நாளிலும் அப்படியே.

மூன்றாவது வழி, வீட்டிலிருந்தே அனுப்புவது. என் மனசுக்குப் பிடித்தது இதுதான். ஆர்டர் வந்த பிறகு கறுப்புச் சாக்கை அவிழ்த்து, அன்றைக்கே பொறுக்கி அடைத்து அனுப்புகிற காயின் மணம் கிடங்குப் பாக்கெட்டில் வராது. வாபஸ் வந்தால் என் மேஜைக்கு வரும், பிரித்துப் பார்ப்பேன். வரி, ஒரே ஓர் எண்ணில் முடிந்துவிடும். ஆனால் சாயங்காலம் கூரியர் வண்டி போய்விட்டால் ஒரு நாள் போச்சு. டெல்லிக்காரருக்கு நாலைந்து நாள் ஆகும். அவர் பார்க்கிற பக்கத்திலேயே 'நாளை கிடைக்கும்' என்று இன்னொருவர் நிற்கிறார். வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் என்றால் ஆர்டர் தேங்கும், தாமதத்துக்கும் புள்ளி குறையும். மழைக்காலத்தில் போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் பாறை சரிந்தால் மேலே இருக்கிற காய் மேலேயே இருக்கும். ஒரு நாளைக்கு இருபது ஆர்டர் வரை ஆனந்தமாகச் செய்யலாம். ஐம்பதைத் தாண்டினால் ஆள் போட வேண்டும், அந்த ஆளுக்குப் பொறுக்கத் தெரிய வேண்டும்.

ஆகவே நான் இப்போது செய்வது இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த ஒன்று. ஏழிலிருந்து எட்டு எம்.எம். வரையுள்ள காயில் ஐம்பது, நூறு கிராம் பாக்கெட் மட்டும் தனி லேபிளோடு கிடங்குக்குப் போகிறது, அதுவும் மூன்று வாரத்துக்கு ஓடுகிற அளவுதான். இவைதான் அவசரத்துக்கு வாங்குகிற சரக்கு. எட்டுக்கு மேலான பெரிய காயும், கால் கிலோ அரைக் கிலோ பைகளும் வீட்டைவிட்டு நகராது. அதை வாங்குகிறவர் இனிப்புக் கடைக்காரர், கல்யாண வீட்டுக்காரர், இல்லையென்றால் நல்ல காய்க்கு அலைகிறவர். அவர் நாலு நாள் பொறுப்பார். பண்டிகைக்கு முன் மட்டும் கிடங்கு இருப்பைக் கூட்டுவேன். இந்தப் பிரிப்பு மிளகுக்கும் ஓரளவு பொருந்தும், ஆனால் மிளகு அடுக்கில் கொஞ்சம் தாங்கும், நிறம் போய்விடும் என்கிற பயம் இல்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மகன் தாளை மறுபடி புரட்டினான். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: சரக்கைத் திருப்பி எடுக்கும்போது நிறுவனம் 'அதற்குச் சமமான யூனிட்டுகளை' வழங்கும். நான் எழுந்துபோய் இரண்டு தட்டு கொண்டுவந்தேன். ஒன்றில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய அவர்கள் தோட்டத்துக் காய். இன்னொன்றில் அந்த 89 பாக்கெட்டில் நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒன்றைக் கிழித்துக் கொட்டினேன். அவன் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு காயை எடுத்துப் பிளந்தான். அவன் தோட்டத்துக் காயின் விதை கறுத்து, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மற்றதில் விதை பழுப்பாக, பொடியாக உதிர்ந்தது.

"இத வச்சுக்கிட்டு அதுக்குச் சமம்ங்கறாங்களா மாமா?"

"எடைக்கு எடை சமந்தான் மாப்ள. ரெண்டும் நூறு கிராம்."

அவன் அங்கேயே அந்த குடோனுக்குப் போன் போட்டான். கலக்காமல், எங்கள் லேபிள் ஒட்டித் தந்தால் தனி அடுக்கில் வைப்பீர்களா என்று கேட்டான். வைக்கலாம், பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல், விற்பனைக்கு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். வாபஸ் வருகிற பாக்கெட் யார் அடுக்குக்குப் போகும் என்று நான் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்ததையும் கேட்டான். அதற்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மேனேஜரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். எழுத்தில் தந்தால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். பிறகு ஒப்பந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, அதன் வெள்ளைப் பக்கத்தில் நூறு பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் எவ்வளவு, வீட்டிலிருந்து அனுப்பினால் கூரியர் எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்தான்.